எடின்பரோ ஹாரி பாட்டர் வாக்கிங் டூர்: கல்லறை சூப்பர், மந்திரக்கோல் கடை வேஸ்ட்

ஈஸ்டர் லீவுல மான்செஸ்டர்ல இருந்து ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோ போயிட்டு வந்தோம், நானு, 11 வயசு பொண்ணு, அப்புறம் திருநெல்வேலில இருந்து விசிட் விசாவுல வந்திருக்கிற எங்க அத்தை. பொண்ணு ஹாரி பாட்டர் ஏழு புக்கையும் மூணு தடவ முடிச்சவ. அத்தை ஒரு பக்கம் கூட படிச்சதில்ல, படமும் பாத்ததில்ல, "யாரோ கண்ணாடி போட்ட பையன்"ங்கிற அளவுக்கு தான் தெரியும். முட்டி வலி வேற. இந்த மூணு பேர் கண்ணுலயும் இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு எழுதுறேன், குழந்தைங்களோட இல்ல பெரியவங்களோட போறவங்களுக்கு யூஸ் ஆகும்.

டூர் நடத்துறவங்க பேர சொல்லல. அந்த ஊர்ல இதே மாதிரி நிறைய டூர் ஓடுது, நான் பாத்த குறை ஒரு ஆளோட குறை மட்டும் இல்லன்னு நினைக்கிறேன். சிலது முன்னாடியே காசு கட்டி புக் பண்ற மாதிரி, சிலது முடிஞ்சதும் பிடிச்சத குடுங்கங்கிற மாதிரி. நாங்க போனது ரெண்டாவது வகை. ஒன்றரை மணி நேரம்.

டூருக்கு முன்னாடி ஒரு விஷயம். ட்ரெயின்ல வேவர்லி ஸ்டேஷன்ல போய் எறங்குவீங்க, அந்த ஸ்டேஷனுக்கே ஒரு நாவலோட பேர தான் வச்சிருக்காங்க, வால்டர் ஸ்காட் எழுதுன வேவர்லி. வெளிய வந்தா அவருக்கு 61 மீட்டர் உயரத்துல கருகருன்னு ஒரு நினைவு கோபுரம், 287 படி. ஒரு எழுத்தாளருக்கு இவ்ளோ பெரிய கோபுரமான்னு அத்தை வாயப் பொளந்துட்டு நின்னாங்க. ஏற வேணாம்னு கைய புடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஸ்டேஷன்ல இருந்து மேல ரோட்டுக்கு வர எஸ்கலேட்டர் இருக்கு, முட்டி வலிக்காரங்க தைரியமா வரலாம், அதுக்கப்புறம் தான் கஷ்டமே.

எஸ்கலேட்டர் முடியுற எடத்துல மணிக்கூண்டு வச்ச பெரிய ஓட்டல் ஒண்ணு நிக்கும், அது பால்மோரல். ஹாரி பாட்டர் சம்பந்தமா இந்த ஊர்ல சந்தேகமே இல்லாத எடம்னா எனக்கு மொதல்ல இது தான். கடைசி புக்க அந்த கதைய எழுதுன ரௌலிங் இங்க 552ஆம் நம்பர் ரூம்ல தான் முடிச்சாங்க, 2007 ஜனவரி 11. முடிச்ச கையோட ரூம்ல இருந்த ஹெர்மீஸ் பளிங்கு சிலை மேல "இந்த ரூம்ல எழுதி முடிச்சேன்"னு தேதி போட்டு கையெழுத்து வேற போட்டுட்டாங்க. நம்ம பிள்ளைங்க சுவத்துல கிறுக்குனா அடி விழும், அவங்க கிறுக்குனத ஓட்டல்காரங்க பத்திரமா வச்சிருக்காங்க, ரூமுக்கும் அவங்க பேரே வச்சாச்சு. ரூமுக்குள்ள போகணும்னா அங்க தங்கணும், அந்த வாடகைக்கு எங்க குடும்பத்தோட ஒரு மாச மளிகைய முடிச்சிடலாம். அதனால வாசல்ல நின்னு கில்ட்ங்கிற ஸ்காட்லாந்து பாவாடை கட்டுன வாட்ச்மேன் கூட ஒரு போட்டோ, அவ்ளோ தான். இன்னொண்ணு, அந்த மணிக்கூண்டு கடிகாரம் மூணு நிமிஷம் வேகமா ஓடும், ரிப்பேர் இல்ல, ட்ரெயினுக்கு ஓடுறவங்க மிஸ் பண்ணிடக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, டிசம்பர் 31 ராத்திரி மட்டும் சரியான டைம் காட்டும். இத கேட்டதும் அத்தை "நம்ம வீட்டு சுவர் கடிகாரம் மாதிரி தான்"னு சொன்னாங்க. உண்மை தான், எங்க மாமா பத்து நிமிஷம் தள்ளி வச்சிருப்பாரு.

இத ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, டூர்ல இந்த எடமே வரல. தூரம்னு விட்டுட்டாங்களாம்.

டூர் கிளம்புறது கிரேஃப்ரையர்ஸ் பாபிங்கிற நாய் சிலை கிட்ட இருந்து. நாங்க போனப்ப எங்க குரூப்ல நாப்பது பேருக்கு மேல இருந்தாங்க, கைடு ஒரு காலேஜ் பையன், கறுப்பு அங்கி, கழுத்துல கோடு போட்ட ஸ்கார்ஃப், நல்ல கணீர்னு குரல், ஆனா நாப்பது பேர்ல பின்னாடி நிக்கிறவங்களுக்கு பஸ் சத்தம் தான் கேக்கும். மைக் இல்ல. பொண்ணு முண்டியடிச்சு முன்னாடி போயிட்டா, நானும் அத்தையும் பின்னாடி, பாதி கதைய பொண்ணு ஓடி வந்து சொல்லி தான் தெரிஞ்சுக்கிட்டோம். பசங்க எல்லாருக்கும் ஒரு குச்சிய கைல குடுத்து, செவப்பு சிக்னல பாத்து மந்திரம் சொல்ல வச்சு, பச்சை விழுந்ததும் எல்லாரும் கத்துனாங்க பாருங்க, அந்த ஒரு எடத்துல அந்த பையனுக்கு அஞ்சு ஸ்டார். ரோடு கிராஸ் பண்றதயே விளையாட்டா ஆக்குறது சும்மா இல்ல.

அந்த நாய் கதைய இங்கயே சொல்லிடறேன், ஏன்னா அத்தை ஊருக்கு போன் பண்ணி எல்லாருக்கும் சொன்னது இந்த ஒரு கதைய தான். ஜான் கிரேன்னு ஒருத்தர், 1858ல செத்துப் போனாரு, அவரோட நாய் பாபி, அதுக்கப்புறம் 14 வருஷம் அந்த கல்லறை பக்கத்துலயே கிடந்து 1872ல செத்துச்சாம். நடுவுல 1867ல நாய்க்கு லைசென்ஸ் வேணும்னு சட்டம் வந்தப்ப, ஓனர் இல்லாத நாய புடிச்சிட்டு போயிடுவாங்கன்னு அந்த ஊர் மேயரே தன் காச கட்டி லைசென்ஸ் எடுத்து பட்டை வாங்கிப் போட்டாரு. நிஜமா ஒரே நாய் தானா, இல்ல ரெண்டு நாய சேத்து ஒரு கதையா ஆக்கிட்டாங்களான்னு ஆராய்ச்சி பண்ணி எழுதுனவங்களும் இருக்காங்க. அத்தை கிட்ட இத சொல்லல, சொல்லவும் மாட்டேன். வர்றவன் போறவன் எல்லாம் ராசின்னு அந்த சிலையோட மூக்க தேய்ச்சு தேய்ச்சு மூக்கு மட்டும் பளபளன்னு ஆயிடுச்சு, அது பழைய வழக்கமே இல்ல, டூரிஸ்ட் கெளப்பி விட்டது, உள்ளூர்க்காரங்களுக்கு இதுல செம கடுப்பு. தயவு செஞ்சு தேய்க்காதீங்க.

அங்க இருந்து பத்தடி நடந்தா கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டம். என்ட்ரி ஃப்ரீ. "ஏம்மா, சுடுகாட்ட சுத்திப் பாக்கவா மூணு மணி நேரம் ரயில்ல வந்தோம்"னு அத்தை கேட்டாங்க, நியாயமான கேள்வி தான், நம்ம ஊர்ல அந்த பக்கம் போனா வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்தணும். ஆனா உள்ள போனப்புறம் அவங்களும் ஒண்ணும் சொல்லல, பச்சைப் புல்லு, பெரிய மரம், காக்கா சத்தம், பாசி புடிச்ச கல்லு, ஒவ்வொரு கல்லுலயும் மண்டை ஓடும் எலும்பும் செதுக்கி வச்சிருக்கான். சில சமாதி மேல இரும்புக் கூண்டு போட்டு மூடியிருக்கும். பேய் எந்திரிச்சு வராம இருக்கன்னு நினைச்சோம், அது இல்லையாம், அந்த காலத்துல மெடிக்கல் காலேஜுக்கு விக்கிறதுக்காக புதைச்ச பொணத்தையே தோண்டி திருடிட்டு போவாங்களாம், திருடன் உள்ள போகாம இருக்க தான் கூண்டு.

இங்க தான் கதைல வர்ற பேர்கள கல்லுல தேடுற வேட்டை. மெக்கானகல், ஹாரி பாட்டர்ல வர்ற டீச்சர் பேரு, நிஜத்துல வில்லியம் மெக்கானகல்னு ஒரு கவிஞர், 1902ல செத்தாரு, ஸ்காட்லாந்துலயே, ஏன் உலகத்துலயே மோசமான கவிஞர்னு பேர் வாங்குனவரு. மேடைல ஏறி கவிதை வாசிச்சா ஜனங்க அழுகுன காய்கறிய தூக்கி அடிப்பாங்களாம், அப்பவும் நிறுத்தாம வாசிப்பாராம். இப்படி ஒரு ஆளோட தூரத்து சொந்தமா அவ்ளோ புத்திசாலியான ஒரு பொம்பள இருந்தா எப்படி இருக்கும்னு தோணி தான் அந்த பேர எடுத்தேன்னு ரௌலிங்கே எழுதியிருக்காங்க. அதனால இந்த பேர் சந்தேகம் இல்லாத கேஸ். ஏழையா செத்ததால அவருக்கு சமாதிக் கல்லே கிடையாது, சுவத்துல ஒரு பலகை தான், அதுவும் பின்னாடி வச்சது. அந்த பலகை முன்னாடி கூட்டமே இல்ல.

கூட்டம் இருக்கிறது உள்ள தள்ளி, பழைய கோட்டை சுவர் வாசலத் தாண்டி போனா வர்ற தாமஸ் ரிடெல் சமாதி கிட்ட. வோல்டமார்ட்டோட நிஜ பேர் டாம் ரிடில் தான, அதுக்காக. கல்லுல இருக்கிறது ரிடெல், எழுத்து கொஞ்சம் வேற. ஆனா இதுல ஒரு விஷயம் எனக்கே புல்லரிச்சுது, அந்த கல்லுல ரெண்டு தாமஸ் ரிடெல் இருக்காங்க, அப்பா 1806ல 72 வயசுல செத்தவரு, மகன் அவருக்கு முன்னாடியே 1802ல டிரினிடாட்ல 26 வயசுல செத்தவரு, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. கதைலயும் அப்பன் மகன் ரெண்டு பேருக்கும் ஒரே பேரு தான. பொண்ணு இத தானா கண்டுபிடிச்சு, கைடு சொல்றதுக்கு முன்னாடியே கத்திட்டா, அந்த பையனுக்கு கொஞ்சம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சமாதி கீழ சின்ன சின்ன லெட்டர், பூவு, கண்ணாடி கல்லு எல்லாம் வச்சிருக்காங்க, ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி. அத்தை அத பாத்துட்டு, "இவரு நல்லவரா?"னு கேட்டாங்க. "இல்ல ஆச்சி, கதைல வர்ற பெரிய வில்லன்"னு பொண்ணு சொல்ல, "வில்லனுக்கா ஏட்டி இம்புட்டு பூ வச்சிருக்காவ?"ன்னு சத்தமா சிரிச்சாங்க. பாவம் நிஜமான அந்த ரிடெல் குடும்பம் என்ன பாவம் பண்ணுச்சு.

கல்லறைத் தோட்டத்து சுவருக்கு அந்தப் பக்கம் நாலு மூலைலயும் கோபுரம் வச்சு ஒரு பெரிய கட்டடம் தெரியும், ஜார்ஜ் ஹெரியட் ஸ்கூல். கதைல வர்ற மந்திர ஸ்கூல் ஹாக்வார்ட்ஸ இத பாத்து தான் எழுதுனாங்கன்னு கைடு அடிச்சு சொன்னான். நாலு கோபுரம், ஹாக்வார்ட்ஸ் மாதிரியே நாலு ஹவுஸ், ஹவுஸ் கலர் செவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. பாத்தா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க. ஆனா ரௌலிங் அப்படி சொன்னதே இல்ல, சொல்லப் போனா 2020ல அவங்க ட்விட்டர்ல, எடின்பரோ ஸ்கூல் ஏதோ ஒண்ண பாத்து தான் ஹாக்வார்ட்ஸ் வந்துச்சுங்கிறது நூத்துக்கு நூறு தப்பு, அந்த ஸ்கூல்கள கண்ணால பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே ஹாக்வார்ட்ஸ் உருவாயிடுச்சுன்னு எழுதிட்டாங்க. நாலு ஹவுஸ்ங்கிறதும் பிரிட்டிஷ் ஸ்கூல் பாதில இருக்கு, என் பொண்ணு ஸ்கூல்லயே இருக்கு, அதுக்காக அது ஹாக்வார்ட்ஸ் ஆயிடுமா.

கைடு சொல்லாத விஷயம் தான் எனக்கு இந்த ஸ்கூல்ல பிடிச்சுது. ஜார்ஜ் ஹெரியட்ங்கிறவரு ராஜாவுக்கு நகை செஞ்சு குடுத்து, கடனும் குடுத்து சம்பாதிச்ச பொற்கொல்லர், சாகும் போது அப்பா இல்லாத ஏழைப் பசங்க படிக்கிறதுக்குன்னு சொத்த எழுதி வச்சாரு, 1628ல கட்ட ஆரம்பிச்சு 1659ல பசங்க உள்ள வந்தாங்க. அப்பா இல்லாத பையனுக்கு வீடா மாறுன ஒரு கோபுரம் வச்ச ஸ்கூலு. ரௌலிங் இத பாத்து எழுதுனாங்களோ இல்லையோ, கல்லறை சுவர் ஓரமா நின்னு இத பொண்ணுகிட்ட சொன்னப்ப அவ கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. ஸ்கூல் உள்ள டூரிஸ்ட விடமாட்டாங்க, அது நிஜமாவே நடக்கிற ஸ்கூலு, கேட்ல நின்னு எட்டிப் பாக்கலாம், படிக்கிற பிள்ளைங்கள போட்டோ எடுக்காதீங்க.

அடுத்து காபிக் கடை கதை. ஜார்ஜ் தி ஃபோர்த் பிரிட்ஜ்ங்கிற ரோட்டுல எலிஃபண்ட் ஹவுஸ்னு ஒரு கஃபே, "ஹாரி பாட்டர் பிறந்த இடம்"னு கண்ணாடில போர்டு வச்சு உலகம் பூரா ஃபேமஸ் ஆனது, பாத்ரூம் சுவர் முழுக்க ரசிகர்கள் கிறுக்கி வச்சிருந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல தீ விபத்துல சிக்குச்சு. கைடு அந்த எடத்துல நின்னு உணர்ச்சிகரமா ஒரு கதை சொன்னான், வீட்ல ஹீட்டர் போட காசில்லாம குளிருக்கு பயந்து கைக்குழந்தையோட இங்க வந்து உக்காந்து ஒரு கப் காபில நாள் பூரா எழுதுனாங்கன்னு. எல்லாரும் உச்சு கொட்டுனாங்க. எனக்கு தான் உறுத்திச்சு. மொதல் விஷயம், இந்த கஃபே ஆரம்பிச்சதே 1995ல, அவங்க இங்கயும் வந்து எழுதியிருக்காங்க, அது உண்மை, ஆனா இந்த வாசல மிதிக்கிறதுக்கு பல வருஷம் முன்னாடியே எழுத ஆரம்பிச்சாச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, மொதல்ல பேனாவ எடுத்தது லண்டன்ல கிளாப்ஹம் ஜங்ஷன்ல ஒரு வாடகை ரூம்ல. ரெண்டாவது, ஹீட்டர் கதையும் கட்டுக்கதை, நடுக் குளிர்காலத்துல எடின்பரோல ஹீட்டர் இல்லாத வீட்ட வாடகைக்கு எடுக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லன்னு அவங்களே கிண்டலா பதில் சொல்லிட்டாங்க. கஷ்டப்பட்டது நெசம் தான், அரசாங்க உதவித் தொகைல தனியா குழந்தைய வளத்தது, டைப்ரைட்டர்ல தட்டி தட்டி அனுப்புனது எல்லாம் நெசம். அது போதாதா, மேல மசாலா எதுக்கு?

ஒரு தமாஷ் என்னன்னா, இந்த கதை மொதல்ல தோணுனது 1990ல ஒரு லேட்டான ட்ரெயின்ல, அந்த ட்ரெயின் மான்செஸ்டர்ல இருந்து லண்டன் போற ட்ரெயின். ஐடியா தோணுன எடம் தான் பிறந்த இடம்னா அந்த ட்ரெயின் தான்னும் அவங்களே சொன்னது. நாங்க இருக்கிறது மான்செஸ்டர். அதாவது பிறந்த இடத்த விட்டுட்டு டிக்கெட் போட்டு எடின்பரோ போயிருக்கோம்.

நிஜமா எழுதுன கஃபே பாக்கணும்னா நிக்கல்சன் ஸ்ட்ரீட் போகணும், டூர்ல வராது, கல்லறைல இருந்து நடந்தா பத்து நிமிஷம் கூட ஆகாது. அங்க மாடில நிக்கல்சன்ஸ் கஃபேன்னு இருந்துச்சு, ரௌலிங்கோட தங்கச்சி வீட்டுக்காரர் பார்ட்னரா இருந்த கடை. அதனால தான் ஒரு காபிய வச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்தாலும் யாரும் எழுப்பி விடல, சொந்தக்காரங்க கடைன்னா அந்த சலுகை எந்த ஊர்லயும் உண்டு போல. குழந்தைய தள்ளுவண்டில வச்சு தெருத்தெருவா சுத்தி, அது தூங்குனதும் ஓடி வந்து எழுதுவாங்களாம். குழந்தை வளத்த யாருக்கும் இத கேட்டா ஒரு மாதிரி ஆகும், தூங்குற அந்த ஒரு மணி நேரத்துல நானெல்லாம் பாத்திரம் தான் கழுவியிருக்கேன். இப்ப அந்த பேர்ல கடை இல்ல, டிரம்மண்ட் ஸ்ட்ரீட் மூலைல சுவத்துல ஒரு சின்ன பலகை, ஆரம்ப அத்தியாயங்கள் சிலத இந்த கட்டடத்து மாடில எழுதுனாங்கன்னு. நாங்க நின்ன கால் மணி நேரத்துல அத நிமிந்து பாத்த ஒரே ஆள் எங்க அத்தை, அதுவும் மழைக்கு ஒதுங்குனப்ப.

பக்கத்துலயே பாட்டர்ரோன்னு ஒரு தெரு. பாட்டர்னா மண்பானை செய்றவங்க, அந்த காலத்துல அவங்க இருந்த தெருவாம். சில டூர்ல இத காட்டி ஹாரியோட பேர் இங்க இருந்து வந்துச்சுன்னு விடுவாங்க, நம்பாதீங்க, சின்ன வயசுல பிரிஸ்டல் பக்கம் இருந்தப்ப கூட விளையாண்ட பிள்ளைங்களோட குடும்பப் பேரு பாட்டர், அது பிடிச்சுப் போய் வச்சதுன்னு சொல்லியிருக்காங்க.

இப்ப விக்டோரியா ஸ்ட்ரீட். கதைல மந்திரவாதிங்க சாமான் வாங்குற கடைத்தெரு டயகன் ஆலி இது தான்னு ஊரே சத்தியம் பண்ணுது. தெரு என்னமோ கொள்ளை அழகு, ஒரு வளைவா சரிஞ்சு கீழ எறங்கும், கடை முகப்பு ஒவ்வொண்ணும் ஒரு கலரு, அதுக்கு மேல இன்னொரு மாடி நடைபாதை. மழைல நனைஞ்ச கல்லு ரோடு, லைட்டு எரியிற நேரம், போட்டோவுக்கு சொல்லவே வேணாம். ஆனா காலைல 9 மணிக்கு முன்னாடி போங்க, இல்லன்னா தலை தான் தெரியும், தெரு தெரியாது. அந்த தெருவுல ஒரு காலத்துல துடைப்பம், பிரஷ் மட்டும் விக்கிற பழைய கடை ஒண்ணு ரொம்ப வருஷமா இருந்துச்சாம், அத நினைச்சுப் பாத்தா தான் எனக்கு மாயாஜாலம் வருது, இப்ப இருக்கிற பொம்மைக் கடைங்கள பாத்தா வரல. நாங்க உள்ள போன ஒரு கடைல (பேர் வேணாம்) வெளிய இருபது நிமிஷம் க்யூ, உள்ள போனா நகரவே எடமில்ல, மந்திரக்கோல் 32 பவுண்டு, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள்ல செஞ்சது, ஆன்லைன்ல இதே தான் கிடைக்குது. பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குது, வேற வழியில்ல, வாங்கிட்டேன். பில் போடுறப்ப ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்னு வேற சொன்னாங்க.

டூர் முடிஞ்சதும் கைடு தொப்பிய நீட்டுனான், நான் பதினஞ்சு பவுண்டு போட்டேன். அத்தை என்னைய தனியா கூப்பிட்டு எவ்வளவுன்னு கேட்டு, ரூபாய்ல கணக்கு போட்டு, "நாய் கதைக்கு மட்டும் குடுத்தா போதாதா?"ன்னாங்க. யோசிச்சா அவங்க சொன்னதுல அர்த்தம் இருக்கு. அந்த பையன் நல்லா நடிச்சான், பிள்ளைங்கள சிரிக்க வச்சான், ஆனா "ரசிகர்கள் அப்படி நம்புறாங்க"ங்கிற மூணு வார்த்தைய சேத்துச் சொல்லியிருந்தா ஒண்ணும் குறைஞ்சிருக்காது. ஊகத்த ஊகம்னு சொன்னா பிள்ளைங்களுக்கு இன்னும் சுவாரசியமா தான் இருக்கும், கண்டுபிடிக்கிற விளையாட்டு ஆயிடும்ல. இது இந்த ஊர் மட்டும் இல்ல, போர்ச்சுகல்ல போர்ட்டோ ஊர்ல ஒரு புத்தகக் கடை, செவப்பு படிக்கட்டு வச்சது, அத பாத்து தான் ஹாக்வார்ட்ஸ் படிக்கட்டு எழுதுனாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு, டிக்கெட் வாங்கி தான் உள்ளயே போகணும், ரௌலிங் என்னடான்னா அந்த கடைக்கு நான் போனதே இல்ல, அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுன்னுட்டாங்க. அதுக்கப்புறமும் க்யூ குறையல.

என்னய கேட்டா இந்த ஊர்ல மாயாஜாலம் இருக்கிறது வேற எடத்துல. ஊரே ரெண்டு அடுக்கு. நீங்க சாதாரண ரோடுன்னு நினைச்சு கடை கடையா பாத்துட்டு நடந்துட்டு இருப்பீங்க, திடீர்னு ஒரு எடத்துல கைப்பிடி சுவர் வரும், எட்டிப் பாத்தா ரொம்ப கீழ இன்னொரு தெரு ஓடும். சவுத் பிரிட்ஜ்ங்கிற ரோடு 1788ல கட்டுன பாலம், 19 வளைவு இருக்கு, அதுல ஒண்ணே ஒண்ணு தான் வெளிய தெரியும், மிச்ச 18 வளைவும் ரெண்டு பக்கமும் கட்டுன வீட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு, அந்த மறைஞ்ச வளைவுக்குள்ள ஒரு காலத்துல கடை, பட்டறை, ஜனங்க எல்லாம் இருந்திருக்காங்க. ராயல் மைல் ரோட்டுல ரெண்டு கடைக்கு நடுவுல ஒரு ஆள் போற அளவுக்கு சந்து இருக்கும், க்ளோஸ்னு சொல்றாங்க, உள்ள நுழைஞ்சா செங்குத்தா படி, அந்தப் பக்கம் வேற உலகம். கதைல வர்ற, செங்கல்ல தட்டுனா தெரு தொறக்குறது, சுவத்துக்குள்ள ஓடி ப்ளாட்ஃபார்ம் போறது எல்லாம் இந்த ஊர்ல ரெண்டு வருஷம் தள்ளுவண்டி தள்ளுன ஒருத்தருக்கு தோணாம இருக்குமா? இது என் ஊகம், ஊகம்னே சொல்லிடறேன். பொண்ணுக்கு ரொம்ப பிடிச்சது இந்த சந்துகள் தான், ஒவ்வொண்ணா நுழைஞ்சு வெளிய வந்துட்டே இருந்தா. அத்தைக்கு பிடிக்கல, படி, ஈரம், வழுக்கல், கைப்பிடி எல்லா எடத்துலயும் இல்ல. பெரியவங்கள கூட்டிட்டு போனா சந்துக்குள்ள எறக்காதீங்க, மேல பெஞ்சுல உக்கார வச்சுட்டு போங்க.

அப்படி அவங்கள உக்கார வச்சப்ப தான் கோட்டைல குண்டு போட்டாங்க. தினமும் மதியம் 1 மணிக்கு ஒரு பீரங்கி வெடிப்பாங்க, 1861ல இருந்து இந்த வழக்கம், ஞாயித்துக்கிழமை, குட் ஃப்ரைடே, கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் கிடையாது. எனக்கு தெரியும், அவங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். நான் படி ஏறி வந்தப்ப பக்கத்துல இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எங்க அத்தை கையப் புடிச்சுட்டு ஆறுதல் சொல்லிட்டு இருந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் பாஷை தெரியாது.

சாப்பாடு பத்தி ரெண்டு வரி. ஹேகிஸ்னு ஒண்ணு, எல்லாரும் முகம் சுளிப்பாங்க, ஆட்டோட இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் பொடியா நறுக்கி ஓட்ஸ், வெங்காயம், மிளகு சேத்து ஆட்டு இரைப்பைல வச்சு வேக வைக்கிறது. பொண்ணு தொடவே மாட்டேன்னுட்டா. அத்தை ஒரு வாய் வச்சுட்டு, "நம்ம ஈரல், நுரையீரல் தான, இதுக்கா இந்த அமர்க்களம்? மிளகு நல்லா போட்டுருக்காவ, கொஞ்சம் கறிவேப்பிலை இருந்தா இன்னும் நல்லாருக்கும்"னு முழுசா காலி பண்ணிட்டாங்க. சைவத்துக்கும் ஒரு ஹேகிஸ் கிடைக்கும், பயறு வகை போட்டது, அதுவும் மோசமில்ல.

கடைசியா நாங்களா தேடிப் போனது சிட்டி சேம்பர்ஸ் வாசல், ராயல் மைல்லயே இருக்கு, கூட்டமான ரோட்டுக்கு பக்கத்துல, ஆனா யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. எடின்பரோ அவார்டுன்னு வருஷா வருஷம் ஊருக்கு பேர் வாங்கிக் குடுத்த ஒருத்தருக்கு குடுக்கிறாங்க, வாங்குனவங்களோட கை அச்ச கல்லுல பதிச்சு தங்க நிறத்துல பூசி தரைல வச்சிருக்காங்க. 2008க்கு ரௌலிங். டிக்கெட் இல்ல, க்யூ இல்ல, அங்கி போட்ட ஆள் இல்ல. இந்த ஏழு புக்கையும் எழுதுன கை இது தான்னு சந்தேகமே இல்லாம சொல்லலாம். பொண்ணு முட்டி போட்டு அதுல தன் கைய வச்சுப் பாத்தா. விரல் கொஞ்சம் தான் சின்னது. எங்களுக்கு நல்ல போட்டோ அமைஞ்சது இது ஒண்ணு தான், பின்னாடி வேற யாரோட தலையும் இல்லாம.

மார்க் போடணும்னா, டூருக்கு அஞ்சுக்கு மூணு, அதுல ரெண்டு அந்த சிக்னல் மந்திரத்துக்கு. கல்லறைத் தோட்டத்துக்கு அஞ்சு. விக்டோரியா ஸ்ட்ரீட் தெருவுக்கு நாலு, கடைக்கு ஒண்ணு. புக் படிச்ச பிள்ளை கூட இருந்தா டூரே வேணாம், நான் மேல சொன்ன எடத்த எல்லாம் மேப்ல குறிச்சுட்டு நீங்களே அரை நாள்ல சுத்திடலாம், செலவு பஸ் காசு தான். நல்ல கிரிப் இருக்கிற ஷூ போடுங்க, கருங்கல் பாவுன ரோடு, மழை பேஞ்சா சறுக்கும், குடை கொண்டு போகாதீங்க, அந்த காத்துல ரெண்டே நிமிஷத்துல திரும்பிடும், எங்க குடை ரெண்டும் குப்பைத் தொட்டிக்கு போச்சு, தொப்பி வச்ச ரெயின்கோட் தான் லாயக்கு. ஆகஸ்ட்ல பெரிய திருவிழா நடக்கும், ஊரே நிரம்பி ரூம் வாடகை எகிறிடும், கலை நிகழ்ச்சி பாக்கிற ஆசை இல்லன்னா அந்த மாசம் வேணாம். பாத்ரூம் வேணும்னா நாய் சிலைக்கு எதுத்தாப்ல இருக்கிற நேஷனல் மியூசியம் போங்க, என்ட்ரி ஃப்ரீ, சுத்தமா இருக்கு, லிஃப்ட் இருக்கு.

அந்த 32 பவுண்டு மந்திரக்கோல் வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாளே பொண்ணுக்கு அலுத்துப் போச்சு. இப்ப அத்தை கிட்ட இருக்கு. சரியான நீளம், முனையும் கூரா இல்லாம மழமழன்னு இருக்கு, முதுகு சொறிய இத விட நல்ல சாமான் நான் பாத்ததே இல்லன்னு சொல்றாங்க, ஊருக்கு போறப்ப எடுத்துட்டுப் போக சூட்கேஸ்ல வச்சாச்சு.